வீட்டுப் படம்: கணினியில் கோடு, கையில் வண்ணம்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பழைய வீடுகளை வரைகிற பலரும் இப்போது ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். வாட்டர்கலர் கைக்கு நன்றாக வருகிறது, ஆர்டரும் வருகிறது, டேப்லெட் ஒன்று வாங்கினால் வேலை சுலபமாகுமா என்று கேட்கிறார்கள். ஆகும். ஆனால் எந்த டேப்லெட் என்று பார்ப்பதற்கு முன்னால், வேலையில் எந்தப் பங்கைக் கையில் வைத்துக்கொள்வது, எதைக் கணினியிடம் கொடுப்பது என்று முடிவு செய்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான், செலவு உட்பட.

மூன்று வழி இருக்கிறது. கையால் கோடு போட்டு, ஸ்கேன் செய்து, வண்ணத்தைத் திரையில் போடுவது ஒன்று. பெரும்பாலும் எல்லாரும் போகிற வழி இதுதான், சொல்லித்தரும் வீடியோக்களும் இதற்குத்தான் அதிகம். இதற்கு நேர்மாறாக, கோட்டைத் திரையில் போட்டுத் தாளுக்கு மாற்றி, வண்ணத்தைக் கையால் போடுவது இரண்டாவது. முழுப் படத்தையும் திரையிலேயே முடித்து, கான்வாஸில் அச்செடுத்து, அதன் மேல் தூரிகையும் தங்கரேக்கு என்கிற மெல்லிய தங்கத் தகடுமாகக் கைவேலை செய்வது மூன்றாவது.

செட்டிநாட்டு வீடு வரைகிறவருக்கு நான் சொல்வது இரண்டாவது வழி. மலையோ மனித முகமோ வரைகிறவர் என்றால் இதையே சொல்ல மாட்டேன்.

கோட்டை ஏன் கொடுத்துவிடலாம்

இந்த வீடுகளின் அமைப்பைப் பாருங்கள். முகப்பில் நின்றால் நிலைக்கதவு, அதன் வழியே வளவு என்கிற நடுமுற்றம், அதற்கும் பின்னால் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். இரண்டு பக்கமும் தூண் வரிசை, மேலே உத்திரம், கீழே ஆத்தங்குடிக் கல், அதாவது டிசைன் போட்ட சிமென்ட் தரை ஓடு. பின்னோக்கிப் போகிற எல்லாக் கோடும் மறைபுள்ளி என்கிற ஒரே புள்ளியில் போய் முடிய வேண்டும். ஒரு தூண் கொஞ்சம் சாய்ந்தால் பார்க்கிறவர் மன்னித்துவிடுவார், ஆனால் தரையில் ஒரு வரிசை தப்பினால் தரையே சரிந்து ஓடுவது மாதிரி ஆகிவிடும். அளவுகோலையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு அந்தத் தரையைக் கட்டம் கட்டமாகப் பின்னோக்கி அடுக்குவதில்தான் நேரம் அத்தனையும் போகிறது. அதில் கலை என்று பெரிதாக எதுவும் இல்லை, கணக்கு மட்டும்தான். கணக்கைக் கணினியிடம் கொடுப்பதில் எந்த வருத்தமும் வேண்டாம்.

ஆத்தங்குடிக் கல்லில் சில டிசைன் ஒரே கல்லில் முடிந்துவிடும், சில நான்கு கல் சேர்ந்தால்தான் பூ முழுசாகும். எதுவானாலும் ஒரு சதுரத்தை மட்டும் வரைந்தால் போதும். கிருதா என்கிற வரையும் மென்பொருளில் ‘ராப் அரவுண்ட்’ என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு வரைந்தால் நாம் வரைகிற சதுரம் நான்கு பக்கமும் தொடர்ந்து தெரியும், ஓரம் ஓரத்தோடு பொருந்துகிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். பிறகு அதை பேட்டர்னாகச் சேமித்து, ஒரு பெரிய சதுரத்தை அதனால் நிரப்பி, பெர்ஸ்பெக்டிவ் டிரான்ஸ்ஃபார்மில் நான்கு மூலையையும் பிடித்து இழுத்தால் வளவின் தரை அப்படியே படுத்துவிடும். ஐபேடில் ஓடும் புரோகிரியேட் என்கிற வரையும் ஆப்பில் சிமெட்ரி வழிகாட்டியும், மூன்று மறைபுள்ளி வரை வைத்துக்கொள்ளக்கூடிய பெர்ஸ்பெக்டிவ் வழிகாட்டியும் இருக்கின்றன, அதிலும் இதே வேலை நடக்கும்.

புகைப்படத்தைக் கீழே வைத்து வரைவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றாலும் முகப்பு முழுக்க ஃபோனில் அடங்காது, உடனே எல்லாரும் அல்ட்ரா வைடுக்கு மாற்றுவார்கள். அதில் ஓரத்துத் தூண்கள் இழுபட்டுவிடும். சாதாரண லென்ஸிலேயே பகுதி பகுதியாக எடுத்து ஒட்டுவது மேல். உள்ளே போய் எடுப்பதாக இருந்தால் வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள், நிறைய வீடுகளில் அவருக்குத்தான் பதில் சொல்லும் பொறுப்பு.

வண்ணத்தை ஏன் கொடுக்கக்கூடாது

ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பு இரும்பு ஆக்சைடு. உங்கள் பெட்டியில் இருக்கும் லைட் ரெட், இந்தியன் ரெட் ட்யூப்களின் பின்னால் பார்த்தால் பெரும்பாலும் பிஆர் 101 என்று நிறமியின் குறியீடு போட்டிருக்கும், அதுவும் இரும்பு ஆக்சைடுதான். மஞ்சளும் அப்படியே, யெல்லோ ஆக்கர் என்பது இரும்பின் இன்னொரு வடிவம். தரையில் இருக்கிற அதே நிறமியைத் தண்ணீரில் கரைத்துத் தாளில் போடுகிறோம். அந்தச் சிவப்பு வருவதற்குத் திரையில் ஸ்லைடரைத் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, தொட்டு வைத்தால் வந்துவிடும். வெயிலுக்கும் அசையாது.

இன்னொன்று. இந்தக் கல் அச்சில் வருவதாகத் தோன்றினாலும் ஒவ்வொன்றும் கையால் செய்தது. கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, வண்ண சிமென்ட் குழம்பை அறை அறையாக ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். ஊற்றுகிற கை ஒன்றாகவே இருந்தாலும் ஒரு கல்லின் பச்சை மற்றதன் பச்சையைவிட ஒரு துளி கனமாக இருக்கும், ஓரம் லேசாகக் கலங்கியிருக்கும். கணினியில் ஒரே கல்லை நகலெடுத்து நிரப்பிய தரை பளிச்சென்று, சுத்தமாக, கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற வினைல் விரிப்பு மாதிரி இருப்பது இதனால்தான். அதே கோட்டைத் தாளில் மாற்றி, கல் கல்லாக வாஷ், அதாவது நீர்த்த வண்ணப் பூச்சு, கொடுத்துக்கொண்டு போனால், தூரிகையில் தண்ணீர் கூடக்குறைய இருப்பதாலேயே ஒவ்வொரு கல்லும் தனியாகிவிடும். இதற்கென்று எந்த முயற்சியும் எடுக்க வேண்டாம்.

சுவருக்கும் இதுவே பொருந்தும். மெருகேற்றிய பழைய சுண்ணாம்புச் சுவர், கைப்பிடிச் சுவருக்குக் கீழே மழைநீர் வழிந்த கறுப்புத் தடம், வெயில் தின்ற கதவின் நீலப்பச்சை, இதெல்லாம் வாட்டர்கலர் தானாகச் செய்கிற வேலை. பிரெஞ்சு அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பல் நிறம் சொரசொரப்பான தாளின் பள்ளங்களில் மணல் மணலாகப் படியும், அந்தச் சுவருக்கு அதைவிடப் பொருத்தமான நிறத்தை நான் பார்த்ததில்லை. டிஜிட்டல் பிரஷ்களும் இதைச் செய்துகாட்டுகின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஒரு கையகல இடத்துக்கு அசலாகவே இருக்கும். பெரிய சுவர் என்று வரும்போது அதே புள்ளி அதே இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவதைக் கண் பிடித்துவிடுகிறது.

தாளுக்கு எப்படி மாற்றுவது

இரண்டாவது வழியில் சிக்கல் இங்கேதான். திரையில் அழகாக இருக்கிற கோட்டை 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனத்த தாளில் இறக்க வேண்டும்.

பிரிண்டரிலேயே நேராக அந்தத் தாளில் எடுக்கலாம் என்பது முதலில் தோன்றுவது. வீட்டு இங்க் டேங்க் பிரிண்டர்களில் வண்ண மை பெரும்பாலும் டை இங்க், தண்ணீர் பட்டதும் கரைந்து ஊதா நிறத்தில் பரவும், படம் போச்சு. லேசர் பிரிண்ட் கரையாது, ஆனால் டோனர் ஒரு பிளாஸ்டிக் படலம், அந்தக் கோட்டின் மேல் வண்ணம் ஒட்டாமல் விலகும். பிக்மென்ட் இங்க், அதாவது நிறமித் துகள் மை உள்ள இங்க்ஜெட்தான் சரி. அதிலும் தாள் உள்ளே வளைந்து திரும்புகிற பிரிண்டராக இருந்தால் 300 ஜிஎஸ்எம் சிக்கிக்கொள்ளும், பின்னாலிருந்து நேராக உள்ளே போகிற வசதி வேண்டும். உங்கள் ஊர் கடையில் அப்படி ஒன்று இருந்தால் ஒரு சின்னத் துண்டில் அச்செடுத்து, காயவைத்து, ஈரத் தூரிகையால் தேய்த்துப் பார்த்துவிட்டு முழுத் தாளைக் கொடுங்கள். கோட்டைக் கறுப்பில் எடுக்காதீர்கள். 15 சதவீத அடர்த்தியில் மங்கலான பழுப்பில் எடுத்தால் வண்ணத்துக்குள் மறைந்துபோகும்.

எனக்குப் பிடித்தது பழைய முறைதான். சாதாரண தாளில் ஏ4 துண்டுகளாக அச்செடுத்து ஒட்டி, பின்பக்கம் முழுக்கப் பென்சில் தேய்த்து, வாட்டர்கலர் தாள் மேல் வைத்துக் கோட்டின் மேல் அழுத்தி வரைவது. லைட் பாக்ஸ் இருந்தால் அதுவும் சரி, ஆனால் கனத்த தாளில் மங்கலாகத்தான் தெரியும், அறையை இருட்டாக்க வேண்டியிருக்கும். இப்படி மாற்றும்போது எல்லாவற்றையும் இழுக்காதீர்கள். தூண், உத்திரம், தரைக்கட்டம், நிலை, இவ்வளவு போதும். திண்ணையில் காய்கிற வடாம், சாய்த்து வைத்த சைக்கிள், தூங்குகிற பூனை எல்லாம் கண்ணால் பார்த்துக் கையால் போடட்டும். கணினிக் கோட்டின் விறைப்பை இவைதான் உடைக்கும்.

முதல் வழி எங்கே ஜெயிக்கிறது

அச்சுக்குப் போகிற வேலையில். கல்யாணப் பத்திரிகை, பலகாரக் கடை லேபிள், வாழ்த்து அட்டை, ஹோட்டல் மெனு மாதிரி வேலைகளில் வாடிக்கையாளர் மூன்று தடவையாவது நிறத்தை மாற்றச் சொல்வார். கதவைப் பச்சையாக்குங்கள், இல்லை நீலமே இருக்கட்டும், சேலையைக் கண்டாங்கி ஆக்கிவிடுங்கள், அரக்குக் கட்டம் வேண்டும். தாளில் வண்ணம் போட்டிருந்தால் அழுகைதான் வரும். வாட்டர்ப்ரூஃப் மையில் கோட்டுப்படம் வரைந்து, 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, கோட்டு லேயரை அடியில் இருக்கும் வண்ணம் தெரிகிற ‘மல்டிப்ளை’ முறையில் வைத்து, கீழே தனித்தனி லேயரில் வண்ணம் போட்டால் மாற்றுவது நிமிஷ வேலை.

இந்த வழியில் ஏமாற்றம் வருவது அச்சகத்தில். திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறத்தைக் காட்டுகிறது, ஆஃப்செட் நான்கு மையால் காட்டுகிறது. திரையில் மின்னுகிற நீலப்பச்சைக் கதவு அச்சில் சோர்ந்துபோய் வரும். சிவகாசியில் அடித்தாலும் இதுதான், அச்சகத்துக்காரரைத் திட்டிப் பயனில்லை. ஆரம்பத்திலேயே, நான்கு மையில் எப்படி வரும் என்று காட்டுகிற சிஎம்ஒய்கே ப்ரூஃப் காட்சியைப் போட்டுக்கொண்டு வரைந்தால் பின்னால் மனசு உடையாது. வெட்டும்போது போவதற்காக ஓரத்தில் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடவும் வேண்டும்.

ஆனால் சுவரில் மாட்டுகிற படத்துக்கு முதல் வழியைச் சொல்ல மாட்டேன், அதற்கு இந்த ஊர்க் காரணம் ஒன்று உண்டு. இங்கே பூர்வீக வீடு என்பது ஒருவர் பெயரில் இருப்பது அபூர்வம். பங்காளிகள் எத்தனையோ பேர், சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூர், அமெரிக்கா என்று எங்கெங்கோ இருப்பார்கள். ஒருவர் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு வீட்டை வரைந்து தரச்சொல்லுவார், படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போனதும் மற்றவர்களும் கேட்பார்கள். அப்போது ‘அசல்’ என்று ஒன்று இருக்க வேண்டும், நகலும் எடுக்க முடிய வேண்டும். முதல் வழியில் அசல் என்று காட்டுவதற்கு ஒரு கோட்டுப்படம்தான் மிஞ்சும், வண்ணத்தோடு இருப்பது வெறும் ஃபைல். இரண்டாவது வழியில் அசல் ஒருவர் வீட்டுச் சுவருக்குப் போகும், போவதற்கு முன்னால் நீங்கள் எடுத்துவைத்த ஸ்கேனிலிருந்து மற்றவர்களுக்கு நகல். நகலின் அடியில் 3/20 (இருபதில் மூன்றாவது) என்று பென்சிலில் எண்ணும் கையெழுத்தும் போட்டுவிட்டால் பின்னால் பேச்சு வராது. விலையில் பெரிய வித்தியாசம் வையுங்கள், இல்லாவிட்டால் அசல் வாங்கியவருக்குக் கோபம் வரும், நியாயமான கோபம்.

முடித்த படத்தை ஸ்கேன் செய்வதிலும் கவனம் வேண்டும். ஏ4 படத்தை 300 டிபிஐயில் எடுத்தால் 2480க்கு 3508 பிக்சல், அது அதே அளவு அச்சுக்குத்தான் சரி. நீளம் அகலம் இரண்டும் இரட்டிப்பாகிற ஏ2 வேண்டுமென்றால் 600 வேண்டும். யூஎஸ்பி கம்பியிலேயே மின்சாரம் எடுக்கிற மெலிசான ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிஐஎஸ் வகை, கண்ணாடியை ஒட்டியிருப்பது மட்டும்தான் அதில் கூர்மையாக விழும். தண்ணீர் குடித்து நெளிந்த தாளை அப்படியே வைத்தால் மேடான இடமெல்லாம் மங்கிவிடும், கனமான புத்தகங்களுக்கு அடியில் போட்டு நிமிர்த்திவிட்டு எடுங்கள். மிக வெளிறிய வாஷ்களை ஸ்கேனர் வெள்ளையாக்கிவிடும் என்பதால் ஆட்டோ சரிசெய்தலை அணைத்துவிடுவது நல்லது.

மூன்றாவது வழியைக் கேலி செய்யாதீர்கள்

அச்சின் மேல் கைவேலை செய்வதை ஏமாற்று வேலை என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குள் நுழைந்து பாருங்கள். ரவிவர்மா 1894இல் பம்பாயில் கல்லச்சுக் கூடம் ஆரம்பித்து லட்சுமியையும் சரஸ்வதியையும் வண்ணப் படங்களாக வீடு வீடாக அனுப்பினார், வாங்கியவர்கள் சும்மா மாட்டிவைக்கவில்லை. அந்த அச்சுப் படத்தின் மேல் துணியை வெட்டி ஒட்டிச் சேலையாக்கி, ஜரிகையும் சம்கியும் வைத்துத் தைத்தார்கள். கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தின் மேல் தூரிகையால் வண்ணம் ஏற்றிய உருவப்படங்களும் இந்த வீடுகளில் இருந்தவைதான். இயந்திரம் பாதி, கை பாதி என்பது இந்த ஊருக்குப் பழக்கமான விஷயம்.

ஆகவே வீட்டுப் படத்தைக் கான்வாஸில் அச்செடுத்து, நிலைக்கு மேலே இருக்கும் கஜலட்சுமிக்கு மட்டும் தங்கரேக்கு ஒட்டி, கதவுக்கு அக்ரிலிக்கில் நாலு தீற்று கொடுத்தால் அருமையான பரிசுப்பொருள்தான். பிக்மென்ட் இங்க் அச்சாக இருக்க வேண்டும், அதன் மேல் முதலில் மேட் மீடியம் என்கிற பளபளப்பில்லாத பூச்சு ஒரு கோட் கொடுத்துக் காயவிட வேண்டும். தஞ்சாவூர் ஓவியம் மாதிரி மக்கு என்கிற பசை வைத்து மேடு எழுப்ப ஆசைப்பட்டால் கான்வாஸைப் பலகையில் ஒட்டிய பிறகு செய்யுங்கள், சுருட்டுகிற கான்வாஸில் மக்கு வெடித்துவிடும். தங்கம் வைத்த படத்தை ஸ்கேனரில் போடாதீர்கள், அதன் விளக்கு ஒரே கோணத்தில் விழுவதால் ரேக்கு கறுப்பாக வரும். வளவில் வெயில் நேரடியாகப் படாத பக்கமாக வைத்து, கேமராவில் எடுங்கள்.

இந்த வழியில் ஒரே நிபந்தனை, வாங்குகிறவருக்கு அடியில் இருப்பது அச்சு என்று சொல்லியாக வேண்டும். முகம், உடை எல்லாம் அச்சாக இருந்து ரேக்கு மட்டும் கையால் ஒட்டியதை முழுக் கைவேலை விலைக்கு விற்பதுதான் இந்த முறைக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது.

புகைப்படத்தைப் போட்டால் வாட்டர்கலர் ஆக்கித் தரும் ஆப்களையும் ஏஐயையும் நாலாவது வழியாகச் சேர்க்கச் சொல்வார்கள். வாடிக்கையாளர் ஃபோனிலேயே அது இருக்கிறது, உங்களிடம் எதற்கு வர வேண்டும்? அதோடு ஏஐ முகப்பில் ஒரு தூணைக் கூட்டியோ குறைத்தோ போட்டுவிடும். ஆச்சி தூணை எண்ணிப் பார்ப்பார்கள்.

அப்புறம், எதை வாங்குவது

முதல் வழியோ மூன்றாவது வழியோ என்றால் பேனாவின் அழுத்தத்தை நன்றாக உணரும் கருவி தேவை, ஐபேடும் ஆப்பிள் பென்சிலும் புரோகிரியேட்டும் சேர்ந்த கூட்டணி அதற்கு நல்லது. புரோகிரியேட் ஒரே தடவை காசு, மாதச் சந்தா இல்லை, ஆனால் ஐபேடில் மட்டும்தான் ஓடும். பெரிய அளவில் கான்வாஸ் போட்டால் லேயர் எண்ணிக்கை குறைந்துவிடும் என்பதையும், ஆப்பிள் பென்சிலில் பல வகை இருப்பதையும், எல்லாப் பென்சிலும் எல்லா ஐபேடுக்கும் பொருந்தாது என்பதையும் பழைய ஐபேட் வாங்குகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது வழி என்றால் இதில் எதுவுமே கட்டாயம் இல்லை. நேர்கோடும் கட்டமும்தானே போடப்போகிறீர்கள், அழுத்தம் எதற்கு? வீட்டில் இருக்கிற கம்ப்யூட்டர், இலவசமாகக் கிடைக்கிற கிருதா, சில ஆயிரத்தில் வருகிற திரையில்லாத பேனா டேப்லெட், இது போதும். அதுவும் இல்லாமல் மவுஸிலேயே தரையைப் போட்டு முடிக்கலாம், கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஐபேடுக்கு வைத்திருந்த பணத்தில் 100 சதவீதப் பருத்தித் தாளும் ஆர்ட்டிஸ்ட் தர ட்யூப்களும் வாங்குங்கள். மாணவர் தர வண்ணத்தை நல்ல தாளில் போடலாம், நல்ல வண்ணத்தை மட்டமான தாளில் போட்டால் வாஷ் திட்டுத்திட்டாகக் காயும், எனவே காசு குறைவாக இருந்தால் முதலில் தாள்.

கோட்டு ஃபைலை வீட்டு வாரியாகப் பெயர் போட்டுப் பத்திரமாக வையுங்கள். அடுத்த வருஷம் இன்னொரு பங்காளி, நகல் வேண்டாம், எனக்கும் கையால் வரைந்ததே வேண்டும் என்பார். அதே கோட்டை மறுபடி தாளில் இறக்கி, இந்தத் தடவை சாயங்கால வெளிச்சத்தில் போட்டால் அது இன்னொரு அசல். அதற்கு முழு விலை வாங்கலாமா என்று கேட்டால், வண்ணம் போடுகிற உழைப்பு முழுசாக இருப்பதால் வாங்கலாம் என்பேன், முதல் படம் வாங்கியவருக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.